ஜாயிண்டின் நுனியில் ஓர் அட்டைச் சுருள்

பாரிஸ் மெட்ரோவின் பழைய பயணச்சீட்டு ஆறரை சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய அட்டை. 2021 அக்டோபரில், பத்துச் சீட்டுகள் கொண்ட கட்டுகளின் விற்பனையை மெட்ரோ நிர்வாகம் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. பயணம் முடிந்த பிறகும் அந்தச் சீட்டுக்கு ஒரு வேலை இருந்தது என்பது பாரிஸ்காரர்களுக்குத் தெரியும். ஒரு துண்டு கிழித்து, முனையை இரண்டு மூன்று மடிப்பு மடித்து, மிச்சத்தை அந்த மடிப்பைச் சுற்றிச் சுருட்டினால் கஞ்சா ஜாயிண்டின் வாய்ப்பக்கத்தில் செருகுவதற்கு ஒரு சின்னக் குழாய், அதாவது டிப், தயார். மற்ற ஊர்களில் இதே வேலையை விசிட்டிங் கார்டும் சிகரெட் பெட்டியின் மூடியும் செய்தன. பிறகு இதற்கென்றே கிழிப்பதற்குத் தோதான அட்டைப் புத்தகங்கள் கடைக்கு வந்தன. இன்று கண்ணாடி, மரம், பீங்கான், செல்லுலோஸ் இழை, தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று வகைவகையாக டிப்புகள் விற்கின்றன. பெட்டியின்மேல் பெரும்பாலும் ‘மிருதுவான புகை’ என்றோ ‘தூய்மையான புகை’ என்றோ எழுதியிருக்கும்.

மிருதுவும் தூய்மையும் ஒன்றா? இந்த ஒரு கேள்விக்குள் புகையின் இயற்பியலும் நுரையீரலின் உடலியலும் சிகரெட் தொழிலின் எழுபது ஆண்டு வரலாறும் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுத நினைத்தேன். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம். இங்கே பேசப்படும் பொருள்கள் கனடாவிலும் ஜெர்மனியிலும் பல அமெரிக்க மாநிலங்களிலும் வயது வந்தோர் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவை. கனடா 2018 அக்டோபரிலும் ஜெர்மனி 2024 ஏப்ரலிலும் சட்டத்தை மாற்றின. அங்கே கோடிக்கணக்கானோர் புகைக்கிறார்கள். அவர்கள் உதட்டில் வைக்கும் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை யாராவது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அட்டை டிப். இதை ஃபில்டர் என்று அழைப்பது வழக்கம். ஆனால் இது எதையும் வடிகட்டுவதில்லை. நடுவில் திறந்த வழி, அதில் ஒரு ‘எம்’ அல்லது ‘டபிள்யூ’ வடிவ மடிப்பு. அவ்வளவுதான். புகை தடையின்றிக் கடந்துபோகிறது. அந்த மடிப்பு தடுப்பது கண்ணுக்குத் தெரியும் அளவிலான இலைத் துணுக்குகளை மட்டும்தான். அது இல்லாவிட்டால் இழுக்கும்போது துணுக்குகள் நாக்கில் வந்து ஒட்டும், சில தொண்டை வரை போகும்.

ஆனாலும் அட்டை டிப்பின் பங்கு சிறியதன்று. கையால் சுருட்டிய ஜாயிண்டின் வாய்ப்பக்கம் எச்சில் பட்டு நனைந்து நசுங்கும். நசுங்கினால் காற்று போகும் வழி குறுகும். இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். பலமாக இழுத்தால் நெருப்பு முனை இன்னும் சூடாகும், புகை காட்டமாகும், ஒரு பக்கம் மட்டும் எரிந்து ஓடும். விறைப்பான அட்டைக் குழாய் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடுகிறது. வழி ஒரே அளவில் திறந்திருப்பதால் இழுப்பும் ஒரே சீராக இருக்கிறது. சுருட்டுவதற்கும் அதுவே ஒரு பிடிமானம். அத்துடன் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் கஞ்சாவே இல்லை என்பதால் விரலும் உதடும் சுடுவதில்லை, பொருளும் வீணாவதில்லை. ‘ஃபில்டர் போட்டால் நன்றாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அது காற்றோட்டம் தந்த சுகம். புகையின் வேதியியல் அப்படியே இருக்கிறது.

அந்த வேதியியலைப் பார்க்க எரியும் முனைக்குப் போக வேண்டும். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற மூலக்கூறை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். அவர்களுக்கு ஆய்வுப்பொருளாகக் கிடைத்தது காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷ். பச்சைச் செடியில் இந்த மூலக்கூறு அமில வடிவில் இருக்கிறது. அந்த வடிவத்தில் போதை இல்லை. சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடு கழன்று டிஎச்சி உருவாகிறது. இழுக்கும் நேரத்தில் நெருப்பு முனையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் டிஎச்சியே கருகிவிடும். நெருப்புக்குச் சற்றுப் பின்னால், இன்னும் எரியாமல் சூடு மட்டும் ஏறும் மெல்லிய வளையத்தில்தான் அது ஆவியாகிப் புகையோடு வருகிறது. ஜாயிண்டில் உள்ள டிஎச்சியில் ஏறத்தாழ கால் பங்கு இப்படிக் கருகிப்போகிறது, 40 முதல் 50 சதவீதம் இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே பக்கவாட்டுப் புகையாகக் காற்றில் போகிறது, வாய்க்கு வந்து சேர்வது அதிகம்போனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று ஆய்வாளர் பெரெஸ் ரேயஸ் 1990இல் கணக்கிட்டார்.

வாய்க்கு வரும் புகை ஒரே பொருளன்று. அதில் ஒரு பகுதி வாயு: கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின், பென்சீன் போன்றவை. இன்னொரு பகுதி மிகச்சிறு துளிகள். குளிர்ந்த எண்ணெய்ப்பசையும் தாரும் சேர்ந்து உருவான இந்தத் துளிகளின் விட்டம் ஒரு மைக்ரானில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புகையிலைப் புகையின் துளிகளும் இதே அளவுதான். டிஎச்சி கொழுப்பில் கரையும், பிசுபிசுப்பான பொருள். அது இந்தத் துளிகளில்தான் இருக்கிறது. தாரும் அதே துளிகளில்தான் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்: புகைப்பவர் விரும்பும் பொருளும் விரும்பாத பொருளும் ஒரே துளியில் ஏறி வருகின்றன.

ஃபில்டர் என்றதும் நமக்குச் சல்லடைதான் ஞாபகம் வருகிறது: பெரியது நிற்கும், சிறியது விழும். இழை ஃபில்டர் அப்படி வேலை செய்வதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி துளிகளைவிடப் பன்மடங்கு பெரியது. துளி எப்படியாவது ஓர் இழையில் மோதினால்தான் ஒட்டும். பெரிய, கனமான துளிகள் காற்று வளையும்போது கூடவே வளைய முடியாமல் நேராகப் போய் இழையில் இடித்து மாட்டிக்கொள்கின்றன. மிகமிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளின் மோதலால் அங்குமிங்கும் தள்ளாடி, கடைசியில் ஏதோ ஓர் இழையில் சேர்கின்றன. நடு அளவில் உள்ளவைதான் தப்பிக்கின்றன: இடிக்கும் அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடும் அளவுக்கு இலேசும் இல்லை. அந்தத் தப்பிக்கும் அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். மருத்துவமனைகளில் பயன்படும் ஹெப்பா ஃபில்டரை அதனால்தான் 0.3 மைக்ரான் துகளை வைத்துச் சோதிக்கிறார்கள், 99.97 சதவீதம் பிடித்தால் தேர்ச்சி. கஞ்சாப் புகையின் துளிகள் சரியாக இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கின்றன. வடிகட்டுவதற்கு மிகக் கடினமான அளவு.

சரி, ஹெப்பா தரத்தில் ஒரு டிப் செய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். தார் முழுவதும் நின்றுவிடும். கூடவே டிஎச்சியும் முழுவதும் நின்றுவிடும். வாய்க்கு வருவது போதையற்ற நச்சுவாயு மட்டும். அப்படி ஒரு டிப்பை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். எனவே சந்தையில் விற்கும் ஒவ்வொரு இழை ஃபில்டரும் போதுமான அளவு ஒழுகும்படி வடிவமைக்கப்பட்டதுதான்.

இதைச் சிகரெட் தொழில் பல காலம் முன்பே அறிந்திருந்தது. சுருக்கத்தாளில் சிகரெட் ஃபில்டர் செய்யும் முறைக்கு ஹங்கேரியைச் சேர்ந்த போரிஸ் ஐவாஸ் 1925இல் காப்புரிமை பெற்றார். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் ஃபில்டர் சிகரெட்டை அமெரிக்கர்கள் அதிகம் சீண்டவில்லை. 1950இல் எர்ன்ஸ்ட் விண்டரும் எவார்ட்ஸ் கிரஹாமும் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அச்சம் பரவியது. நிறுவனங்கள் அந்த அச்சத்துக்குப் பதிலாகக் கொடுத்தது ஃபில்டரை. 1952இல் கென்ட் சிகரெட் ‘மைக்ரோனைட்’ ஃபில்டரோடு வந்தது. ஆரோக்கியப் பாதுகாப்பு என்றே அதை விளம்பரம் செய்தார்கள். அந்த ஃபில்டருக்குள் இருந்தது குரோசிடோலைட், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்பெஸ்டாஸ் வகைகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. 1956 வரை அது விற்பனையில் இருந்தது. பாதுகாப்பு என்று நம்பி உதட்டில் வைத்தவர்கள் பலரும், அதைத் தயாரித்த தொழிலாளர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். இந்த வரலாற்றைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிறகு நிலைத்தது செல்லுலோஸ் அசிட்டேட் இழை. மரக்கூழிலிருந்து வந்தாலும் வேதிமாற்றம் பெற்ற இது ஒரு பிளாஸ்டிக். ஒரு ஃபில்டருக்குள் பன்னிரண்டாயிரம் இழைகள் வரை இருக்கும். 1953இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக், புகை பட்டதும் நிறம் மாறும் ஃபில்டர் பற்றி நிறுவனத்துக்குள் எழுதி வைத்தார். வெள்ளைப் பஞ்சு பழுப்பாவதைப் பார்த்தால் ‘அழுக்கெல்லாம் இங்கேயே நின்றுவிட்டது’ என்று புகைப்பவர் நம்புவார். உண்மையில் எவ்வளவு நின்றது என்பது வேறு கேள்வி. அதன் பிறகு ஃபில்டர் தாளில் கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துளைகள் வந்தன. அளக்கும் எந்திரத்தில் வைத்தால் புகையோடு காற்று கலந்து தார் அளவு குறைந்து காட்டும். மனிதர் பிடித்தால் விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடும், குறைந்த நிக்கோட்டினை ஈடுகட்ட அவர் ஆழமாகவும் அடிக்கடியும் இழுப்பார். ‘லைட்’ சிகரெட்டுகள் நோய்ச் சுமையைக் குறைக்கவில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001இல் விரிவாக எழுதியது. நுரையீரலின் ஓரப்பகுதிகளில் வளரும் அடினோகார்சினோமா வகைப் புற்று பெருகியதற்கும் 1950களுக்குப் பிந்தைய சிகரெட் வடிவமைப்பு மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டு என்பது 2014ஆம் ஆண்டின் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையின் முடிவு. தொண்டையில் உறுத்தாத புகை ஆழமாகப் போகும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது ஜாயிண்டுக்கு வருவோம். சிகரெட்டிலிருந்து பிய்த்த பஞ்சையோ, சுருட்டுபவர்களுக்கென விற்கும் மெல்லிய ஃபில்டரையோ ஜாயிண்டில் செருகுபவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் டேல் கீரிங்கர் 1996இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதை நேராக அளந்தது. வெவ்வேறு கருவிகளில் கஞ்சாவை எரித்து, வந்த புகையில் தாருக்கும் டிஎச்சி உள்ளிட்ட கன்னபினாய்டுகளுக்கும் உள்ள விகிதத்தை அவர் பார்த்தார். எதிர்பார்ப்புக்கு மாறாக, எந்த ஃபில்டரும் இல்லாத வெறும் ஜாயிண்ட் நல்ல மதிப்பெண் வாங்கியது: ஒரு பங்கு கன்னபினாய்டுக்குப் பதின்மூன்று பங்கு தார். நீர்க்குழாய்கள் அதைவிட மோசம். சிகரெட் ஃபில்டர் செருகிய ஜாயிண்டும் வெறும் ஜாயிண்டைவிடப் பின்தங்கியது. ஃபில்டர் தாரைப் பிடித்தது. டிஎச்சியை அதைவிடத் தாராளமாகப் பிடித்தது.

சிறிய பரிசோதனைதான். ஆனால் இது சுட்டும் திசை இயற்பியலோடு ஒத்துப்போகிறது. ஒரு குறிப்பிட்ட போதை நிலையை நாடிப் புகைப்பவர், ஃபில்டர் டிஎச்சியைத் தின்றுவிட்டால் என்ன செய்வார்? இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பார், இல்லையேல் இன்னொன்று சுருட்டுவார். தார் பழைய கணக்குக்கே திரும்பிவிடும், சில நேரம் அதைத் தாண்டியும் போகும். செல்லுலோஸ் அசிட்டேட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: அதை மென்மையாக்கச் சேர்க்கும் டிரையசிட்டின், ஃபீனால் வகை எரிச்சல் பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும். அந்த அளவுக்குப் புகை மிருதுவாகும். அதற்காக ஜாயிண்டுக்குப் பஞ்சு ஃபில்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கரி டிப்தான் சுவையான விஷயம். ஜெர்மனியில் இது பெரிய வழக்கம். ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவிவிட்டது. தாள் உறைக்குள் கருமணிகள், இரண்டு முனையிலும் துளையிட்ட மூடி. உள்ளே இருப்பது கிளர்வூட்டிய கரி. அதற்குப் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைதான் மூலப்பொருள். இலங்கையும் தமிழ்நாடும் இந்தக் கரியை உலகெங்கும் அனுப்பும் இடங்கள். காங்கேயம் பக்கம் போனால் சிரட்டையைக் கரியாக்கும் சூளைகளையும், அவை நிலத்தடி நீரைக் கெடுப்பதாக ஊர்மக்கள் போராடிய கதைகளையும் கேட்கலாம். பெர்லினில் ஒருவர் உதட்டில் வைக்கும் டிப்புக்குள் நம் தென்னையின் எச்சம் இருக்க வாய்ப்புண்டு.

சிரட்டைக் கரியை நீராவியில் மிகை வெப்பத்தில் வாட்டும்போது அதற்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரை வரும். பென்சீன், அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்ற ஆவிகளின் மூலக்கூறுகள் அந்தத் துளைச் சுவர்களில் படிந்து தங்குகின்றன. துளிகளோ கரித்துளைகளுக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. மணிகளுக்கு இடைப்பட்ட சந்துகள் வழியாக அவற்றில் பெரும்பங்கு கடந்துவிடும். ஆகவே டிஎச்சியை ஓரளவு விட்டுவிட்டு நச்சு ஆவிகளைப் பிடிக்கும் தர்க்கம் கரிக்கு மட்டுமே உண்டு. இது வெறும் விளம்பரமன்று. கரி ஃபில்டர் சிகரெட்டுகளில் அளந்து பார்த்த விளைவு. மற்ற டிப்புகளோடு ஒப்பிட்டால் கரி டிப்புக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

அந்த மதிப்புக்கு எல்லைகள் உண்டு. தார்த்துளிகள் கடந்துபோகும் என்பது முதல் எல்லை. இரண்டாவது, அம்மோனியா. கனடாவின் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டேவிட் மோயரும் குழுவினரும் 2008இல் கஞ்சாப் புகையையும் புகையிலைப் புகையையும் எந்திரத்தில் ஒப்பிட்டபோது, கஞ்சாப் புகையில் அம்மோனியா இருபது மடங்கு வரை அதிகம் இருந்தது. ஹைட்ரஜன் சயனைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மூன்று முதல் ஐந்து மடங்கு. எந்தச் சேர்ப்பும் இல்லாத சாதாரணக் கரி அம்மோனியாவைச் சரியாகப் பிடிப்பதில்லை. மூன்றாவது, கரியின் துளைகள் நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே டிப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர் வெறும் குழாயைத்தான் பயன்படுத்துகிறார். மணமும் போகும். எலுமிச்சை வாசம் தரும் லிமோனின், பைன் வாசம் தரும் பினீன் போன்ற டெர்பீன்கள் எளிதில் ஆவியாகும் பொருள்கள். கரி அவற்றையும் விட்டுவைக்காது. கரி டிப் போட்டால் ருசி தட்டையாகிறது என்று பழகியவர்கள் சொல்வதற்கு வேதியியல் காரணம் இதுதான்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அக்ரோலின் தொண்டையைப் பிறாண்டும் பொருள். நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிஏ1 என்ற உணரியை அது தூண்டுகிறது. எரிச்சலும் இருமலும் வருகின்றன. அந்த இருமல் உடலின் காவல். கரி அக்ரோலினைப் பிடித்தால் நச்சும் குறைகிறது, காவலும் தளர்கிறது. இருமல் வராதவர் இன்னும் பெரிதாக இழுப்பார், இன்னும் ஆழமாக உள்வாங்குவார். அந்த ஆழத்துக்குப் போவது கரி விட்டுவிட்ட தார்த்துளிகள். கரி கொடுத்த நன்மையில் எவ்வளவை இந்தப் பழக்கம் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பது புகைப்பவரின் கையில்தான் இருக்கிறது.

இழுக்கும் விதம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு நல்ல சான்று 1988இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டாஷ்கினும் அவருடைய சகாக்களும், கஞ்சா, புகையிலை இரண்டையும் புகைக்கும் பதினைந்து ஆண்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். அதே மனிதர்கள் கஞ்சா பிடிக்கும்போது ஒவ்வொரு இழுப்பும் மூன்றில் இரண்டு பங்கு பெரிதாக இருந்தது. மூச்சைப் பிடித்து வைத்திருந்த நேரம் நான்கு மடங்கு. விளைவாக, உள்ளே போன தார் ஏறத்தாழ மூன்று மடங்கு, ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் இழுக்கும் பழக்கம்தான். எந்த டிப்பும் இந்தப் பழக்கத்தைத் தொடுவதில்லை.

மூச்சைப் பிடித்து வைத்தால் போதை கூடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. ஆய்வாளர்கள் ஸாக்னியும் செய்ட்டும் 1989இல் இதைச் சோதித்தபோது, மூச்சைப் பிடித்து வைத்த நேரம் போதை உணர்வைப் பெரிதாக மாற்றவில்லை. டிஎச்சி நுரையீரலின் பரப்பில் விரைவாகவே ஏறிவிடுகிறது. மேலும் பிடித்து வைத்தால் சேர்வது தாரும் கார்பன் மோனாக்சைடும்தான்.

கார்பன் மோனாக்சைடைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது சின்ன மூலக்கூறு, கழித்தல் 191.5 டிகிரியில்தான் திரவமாகும். அறை வெப்பநிலையில் கரியின் சுவரில் அது தங்காது; இழையில் மாட்டாது; தண்ணீரில் கரையாது என்றே சொல்லிவிடலாம். ஆனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். அட்டை, கண்ணாடி, பஞ்சு, கரி என்று எதை வைத்தாலும் அது அப்படியே உள்ளே வரும். இதயநோய் உள்ளவருக்கு இது சின்ன விஷயமன்று.

நம் பக்கம் சிலும்பி பிடிக்கும் சாதுக்கள் அடிப்பகுதியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்வதையும் உள்ளே ஒரு கல்லைப் போடுவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் செய்வது அட்டை டிப்பின் வேலை: கங்கும் சாம்பலும் வாய்க்கு வராமல் தடுத்து, காற்றுக்கு வழி விடுகிறது. ஈரத்துணி கைச்சூட்டைத் தணிக்கிறது, பெரிய துணுக்குகளைப் பிடிக்கிறது, பழுப்பேறுகிறது. மைக்ரானில் மூன்றிலொரு பங்குத் துளிகளுக்கு அது பெரிய தடையன்று.

கண்ணாடி டிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நனையாது, நசுங்காது, கழுவலாம். நால்வர் பகிர்ந்து பிடிக்கும்போது ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் எச்சில் வழி பரவும் தொற்று குறையும். இது உண்மையான நன்மை. ‘புகையைக் குளிர்விக்கும்’ என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க வேண்டாம். நெருப்புக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே புகையின் சூடு பெருமளவு இறங்கிவிடுகிறது. கடைசி இழுப்புகள் சுடுவதற்குக் காரணம் நெருப்பு உதட்டை நெருங்குவது. அதற்கு எந்த நீளமான டிப்பும் போதும்.

ஐரோப்பிய ஜாயிண்டுகளில் பலவற்றில் கஞ்சாவோடு புகையிலையும் கலந்திருக்கும். நெதர்லாந்தின் காஃபிஷாப்புகளில் 2008 ஜூலை முதல் புகையிலை பிடிக்கத் தடை வந்தது. தனிக் கஞ்சாவுக்குத் தடையில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசித்திரமாகப் படலாம், ஆனால் பணியாளர் நலனை முன்னிட்ட சட்டம் அது. புகையிலை கலப்பதற்குச் சிக்கனம் ஒரு காரணம். லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஃபான் டெர் கோய் குழு 2009இல் கண்டதும் அந்தச் சிக்கனத்தை உறுதி செய்கிறது: கால் பங்கு கஞ்சாவும் முக்கால் பங்கு புகையிலையும் கலந்து சுருட்டினால், ஒரு கிராம் கஞ்சாவிலிருந்து புகைக்கு வரும் டிஎச்சி 32.7 மில்லிகிராமிலிருந்து 58.9 மில்லிகிராமாக உயர்கிறது. ஆனால் அதற்கு ஈடாக நிக்கோட்டின் அடிமைத்தனம் வந்து சேர்கிறது. வாரக் கடைசியில் மட்டும் ஜாயிண்ட் பிடித்தவர் நாள்தோறும் சிகரெட் தேடுபவராவதற்கு இதுவே ஒரு வாசல். பஞ்சு ஃபில்டரும் ஜாயிண்டுக்குள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வந்தது.

கஞ்சாப் புகை நுரையீரலை என்ன செய்கிறது என்பதில் மிகைப்படுத்தலும் வேண்டாம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது, நீண்டகாலப் புகைப்புக்கும் நாள்பட்ட இருமல், சளி, மூச்சுக்குழல் அழற்சிக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான சான்று இருந்தது. நுரையீரல் புற்றுநோயோடு தொடர்பு இருப்பதாக அப்போதைய ஆய்வுகள் காட்டவில்லை. இருமலும் சளியும் சாதாரணத் தொல்லை அல்ல. புகைப்பதை நிறுத்தினால் அவை பெரும்பாலும் தணியும் என்பது ஆறுதலான செய்தி.

புகையே வேண்டாம், டிஎச்சி மட்டும் போதும் என்று நினைக்கும் நோயாளிகளுக்கு வழி இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாவை எரிக்காமல் சூடேற்றி ஆவியாக்கும் கருவியைப் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டிஎச்சி அளவு புகைத்தபோது வந்ததற்கு இணையாக இருந்தது. வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. எரிக்காத இடத்தில் அந்த வாயு பிறப்பதில்லை.

கஞ்சாவைச் சட்டப்படி விற்க அனுமதித்த அரசுகள் செடியின் டிஎச்சி அளவையும் பூச்சிமருந்து எச்சத்தையும் சோதிக்கச் சொல்கின்றன. டிப்புக்கும் அதே கண்டிப்பு வேண்டும். ‘தூய்மையான புகை’ என்று எழுதும் நிறுவனம், எந்தப் பொருளை எத்தனை சதவீதம் குறைக்கிறது, எத்தனை இழுப்புக்குப் பிறகு கரி தீர்ந்துபோகும், கார்பன் மோனாக்சைடு குறையாது என்ற மூன்றையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். கென்ட் சிகரெட்டின் காலத்தில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புகைப்பதில்லை என்றால் தொடங்க வேண்டாம். புகைப்பதென்றால் புகையிலை கலக்காதீர்கள், மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், பஞ்சு ஃபில்டரை விட்டுவிடுங்கள். கரி டிப் வைத்தால் ஒரு முறையோடு எறிந்துவிடுங்கள். தொண்டை எரியவில்லை என்பதற்காக இன்னும் ஆழமாக இழுக்காதீர்கள்.